மியூனிக்கில் படிக்க வந்தாயிற்று. சனிக்கிழமை எங்கே போவது?

அறைச் சாவி கைக்கு வந்துவிட்டது. முகவரிப் பதிவு முடிந்தது, வங்கிக் கணக்கும் திறந்தாயிற்று. படிப்பைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். சனிக்கிழமை காலையில் என்ன செய்வது என்று சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை.

முதல் செமஸ்டரில் நான் செய்த தப்பு இது: நண்பர்கள் கிடைக்கட்டும், அப்புறம் ஊர் சுற்றலாம் என்று காத்திருந்தேன். ஆறு மாதத்தில் நூலகத்தையும் யூ-பான் என்கிற நகரச் சுரங்க ரயிலையும் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. நண்பர்களும் கிடைக்கவில்லை. இரண்டாவது செமஸ்டரில்தான் புரிந்தது, இங்கே அது தலைகீழாக நடக்கும் விஷயம் என்று. ஜெர்மனியில் சும்மா உட்கார்ந்து பேசிப் பழகுகிறவர்கள் குறைவு. ஏதாவது ஒன்றைச் சேர்ந்து செய்வார்கள்: மலை ஏறுவார்கள், பலகை விளையாட்டு ஆடுவார்கள், சமைப்பார்கள். பழக்கம் அதன் போக்கில் வரும். அதனால் ஊர் சுற்றுவதையும் ஆட்களைப் பிடிப்பதையும் ஒரே வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டிக்கெட்

ஜெர்மனி முழுக்க உள்ளூர், வட்டார வண்டிகளில் மாதம் முழுவதும் ஏறி இறங்க ஒரே டிக்கெட் போதும். அதற்குப் பெயர் டாய்ச்லாண்ட் டிக்கெட். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது. 2025இல் 58, 2026இல் 63 என்று ஏறியது. மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் படிக்கும் மாணவர்களுக்கு இதே டிக்கெட்டைச் சலுகை விலையில் தருகிறார்கள். 2023 செப்டம்பரில் 29 யூரோவில் தொடங்கிய அந்தச் சலுகையின் விலையும் பிறகு ஏறியது, ஆனாலும் முழு விலையைவிடக் குறைவுதான். முதல் வாரமே வாங்கிவிடுங்கள்.

இந்த டிக்கெட்டில் யூ-பான், எஸ்-பான் என்கிற புறநகர் ரயில், டிராம், பஸ், அப்புறம் ஆர்பி, ஆர்இ என்று குறிப்பிட்டிருக்கும் வட்டார ரயில்கள் எல்லாவற்றிலும் போகலாம். ஐசிஇ, ஐசி என்று இருந்தால் அவை தொலைதூர வேக ரயில்கள், ஏறாதீர்கள். டிக்கெட் உங்கள் பெயரில் இருப்பதால் படம் ஒட்டிய அடையாள அட்டை பையிலேயே இருக்க வேண்டும். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ. பரிசோதகர்கள் பல நேரம் சீருடையில் வர மாட்டார்கள். பக்கத்தில் காதில் இயர்போனோடு நிற்பவர்கூட அட்டையைக் காட்டிக் கேட்பார். இன்னொன்று: இது சந்தா. ஊரில் இல்லாத மாதத்துக்கு வேண்டாம் என்றால் முந்தைய மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். 11ஆம் தேதி நினைவு வந்து பயனில்லை.

பணம். விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு வைத்த முடக்கக் கணக்கிலிருந்து மாதம் 992 யூரோ வரும். மியூனிக் வாடகை அதில் பெரும் பங்கை விழுங்கிவிடும். என் கணக்கில், சுற்றுவதற்கும் ஆட்களோடு வெளியே போவதற்கும் மாதம் 60, 70 யூரோ ஒதுக்கினால் கௌரவமாக ஓட்டலாம். டிக்கெட் ஏற்கெனவே இருப்பதால் ஒரு நாள் பயணத்தின் செலவு பெரும்பாலும் ஒரு காப்பியும் கேக்கும்தான். பகுதி நேர வேலை கிடைத்தால் நல்லது. ஆனால் சனி, ஞாயிறு இரண்டையும் அதற்கு விற்றுவிடாதீர்கள். ஒன்றையாவது மிச்சம் வையுங்கள்.

அப்புறம் சமையலறை

மாணவர் விடுதியில், அதாவது வோன்ஹைமில், இடம் கிடைத்திருந்தால் உங்கள் தளத்தில் பொதுச் சமையலறை இருக்கும். உங்கள் சமூக வாழ்க்கை அங்கேதான் தொடங்கப் போகிறது. நகரம் பிறகு.

என் தொடக்கம் கொஞ்சம் சத்தமாக இருந்தது. அடுப்பில் எண்ணெயை வைத்துவிட்டு ஃபோன் பேச வராந்தாவுக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் புகை கூரையைத் தொட்டு அலாரம் அலறிவிட்டது. தளத்தில் இருந்த எட்டுப் பேரும் இரவு உடைக்கு மேல் கோட்டு மாட்டிக்கொண்டு கீழே குளிரில் நின்றார்கள். ஒருத்தி தலையில் ஷாம்பூ நுரையோடு. தீயணைப்புக்காரர்கள் மேலே போய், ஜன்னலைத் திறந்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். மறுநாள் ஒவ்வொரு கதவிலும் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டினேன்: "மன்னிக்கவும். வியாழன் மாலை 7 மணி, சமையலறையில் பான்கேக். ஜன்னல் திறந்திருக்கும்." ஆறு பேர் வந்தார்கள். அது பிறகு ஒவ்வொரு வியாழனும் நடந்தது.

தீயணைப்பு வண்டியை வரவழைக்கத் தேவையில்லை. சீட்டு மட்டும் போதும். அதில் கிழமை, மணி, என்ன செய்யப் போகிறோம் என்ற மூன்றும் இருந்ததைக் கவனியுங்கள். "ஒரு நாள் பார்க்கலாம்" என்று நீங்கள் சொன்னால் அது விடைபெறும் வார்த்தையாகத்தான் இங்கே கேட்கும். "பதினான்காம் தேதி, ஏழு மணி" என்றால் நாட்குறிப்பை எடுப்பார்கள். அவர்கள் இரண்டு வாரம் தள்ளி ஒரு தேதி சொன்னால் உங்களைத் தவிர்க்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். அந்தத் தேதியில் கட்டாயம் வருவார்கள், ஏழு என்றால் ஏழுக்கே வருவார்கள்.

சமையலறையில் பெயர் கெடாமல் இருக்கச் சில விஷயங்கள். சுத்தம் செய்யும் முறைப் பட்டியல் ஒன்று சுவரில் தொங்கும். உங்கள் வாரம் வரும்போது செய்துவிடுங்கள். அதைத் தவற விடுவது இங்கே சின்னக் குற்றமில்லை. இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். ஞாயிறு முழுக்கவே அமைதி நாள்தான். கண்ணாடி பாட்டில்களைத் தொட்டியில் போடுவதற்குக்கூட அன்று தடை. தண்ணீர், குளிர்பான பாட்டில்களைத் தூக்கி எறியாதீர்கள். பெரும்பாலான பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் தகரக் குவளைக்கும் 25 சென்ட் முன்பணம் கட்டியிருக்கிறீர்கள், கடை இயந்திரத்தில் போட்டால் திரும்ப வரும். எங்கள் தளத்தில் அந்தக் காசு முழுவதையும் ஒரு டப்பாவில் சேர்த்து மாதக் கடைசியில் பீட்சா வாங்குவோம்.

முதல் சில வாரங்கள்

குளிர்கால செமஸ்டர் கணக்குப்படி அக்டோபர் 1இல் தொடங்கும். வகுப்புகள் மாத நடுவில்தான். அதற்கு முன்னால் புதுமாணவர்களுக்கான அறிமுக வாரம் ஒன்று நடக்கும். களைப்பாக இருந்தாலும் போங்கள். யாருக்கும் யாரையும் தெரியாத வாரம் அது ஒன்றுதான். அடுத்த வாரம் எல்லாரும் மூன்று மூன்று பேராகச் சேர்ந்துவிடுவார்கள், அதற்குப் பிறகு நுழைவது சிரமம்.

அதே நேரத்தில் அக்டோபர்ஃபெஸ்ட்டும் நடந்துகொண்டிருக்கும். செப்டம்பர் நடுவில் தொடங்கி அக்டோபர் முதல் வாரம் வரை. அப்போது ஊரில் ஹாஸ்டல் படுக்கைகூடப் பல மடங்கு விலை சொல்வார்கள். விடுதி அறை உறுதியாகாமல் அந்த நாட்களில் வந்து இறங்காதீர்கள். விழாத் திடலுக்குள் போகக் கட்டணம் கிடையாது. கூடாரத்தில் ஒரு லிட்டர் பியர் 2025இல் 15 யூரோவை ஒட்டி இருந்தது. குடிக்காதவர்களும் ஒருமுறை போகலாம், ராட்டினங்களும் வறுத்த பாதாம் வாசனையும் இருக்கின்றன. வார நாள் காலையில் போங்கள், பெரிய பையை விட்டுவிட்டுப் போங்கள். சனிக்கிழமை மாலை அந்தப் பக்கமே வேண்டாம்.

மூன்று இடங்களில் பெயர் கொடுத்துவிடுங்கள். முதலாவது பல்கலைக்கழக விளையாட்டு அமைப்பு. மியூனிக்கில் இதற்கு ஒலிம்பிக் பூங்காவில் பெரிய வளாகமே இருக்கிறது. செமஸ்டருக்கு ஒரு சிறு தொகை கட்டினால் நீச்சல், பேட்மின்டன், பாறை ஏற்றம் என்று நிறைய உண்டு. வாரம் ஒருமுறை அதே முகங்களைப் பார்ப்பதுதான் இதில் லாபம். நான்காவது வாரம் யாராவது உங்கள் பெயரைக் கேட்பார்கள். இரண்டாவது, டாண்டம்: நீங்கள் ஒரு மொழி சொல்லித்தர, எதிரில் இருப்பவர் ஜெர்மன் சொல்லித்தருவார். மூன்றாவது, 1989இல் தொடங்கிய எராஸ்மஸ் ஸ்டூடண்ட் நெட்வொர்க்கின் உள்ளூர்க் கிளை. எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் வராதவர்களும் சேரலாம். அவர்கள் நடத்தும் சுற்றுலாக்களின் இடங்கள் அறிவித்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும், அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்த மொழிக்காரர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் சேருவதா? சேருங்கள். பழைய சைக்கிள், காலியாகும் அறை, நல்ல பல் மருத்துவர் எல்லாம் அங்கேதான் கிடைக்கும். உடம்பு சரியில்லாதபோது கஞ்சி கொண்டு வருபவர்களும் அவர்கள்தான். ஆனால் எல்லா வார இறுதியும் அவர்களோடே போனால் இரண்டு வருடம் கழித்தும் "ஒரு காப்பி" என்பதற்கு மேல் ஜெர்மன் வராது. என் கணக்கு பாதிப் பாதி.

இன்னும் சில. ஒத்த வயது மாணவர்கள் உங்களை "டூ", அதாவது "நீ" என்றே கூப்பிடுவார்கள், நீங்களும் அப்படியே கூப்பிடுங்கள். அலுவலகத்திலும் பேராசிரியரிடமும் "ஸீ", அதாவது "நீங்கள்" போடுங்கள். உணவகத்தில் பில் வரும்போது சேர்த்தா, தனித்தனியா என்று கேட்பார்கள். தனித்தனி என்பதே வழக்கம், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பிறந்தநாள் வாழ்த்தை முதல் நாளே சொல்லிவிடாதீர்கள், அபசகுனம் என்பார்கள். உங்கள் பிறந்தநாளுக்குக் கேக் கொண்டு வர வேண்டியது நீங்கள்தான். யாராவது வாங்கி வருவார்கள் என்று நான் மாலை வரை உட்கார்ந்திருந்தேன். கூட்டத்தில் குடிக்காமல் இருப்பது இங்கே பெரிய விஷயமே இல்லை. ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த ஆப்ஃபெல்ஷோர்லே என்று கேளுங்கள். கோப்பையைத் தட்டும்போது மட்டும் எதிராளியின் கண்ணைப் பாருங்கள், இல்லாவிட்டால் அதை வைத்துக் கிண்டல் செய்வார்கள்.

ஊருக்குள்ளேயே

ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், மற்ற நாட்களில் இரவு 8 மணிக்கு அடைத்துவிடுவார்கள். சனிக்கிழமையே ரொட்டியும் பாலும் வாங்கிவிட்டால் ஞாயிறு முழுக்க உங்களுடையது. அன்று பினகோதெக் டெர் மாடர்ன், ஆல்டெ பினகோதெக் போன்ற அரசு அருங்காட்சியகங்களில் நுழைவு 1 யூரோ. ஒரே நாளில் மூன்றைப் பார்க்க ஆசைப்படாதீர்கள். ஒரு யூரோதானே என்று ஒரு கூடத்தைப் பார்த்துவிட்டு வெளியே புல்வெளியில் போய் உட்காருங்கள், மீதிக்கு அடுத்த ஞாயிறு வாருங்கள். பக்கத்து அறைக்காரரைக் கூப்பிட இதைவிட எளிய சாக்கு கிடையாது.

புனித பேதுரு தேவாலயத்தின் கோபுரத்துக்கு 306 படிகள். ஃபியோன் (Föhn) என்கிற தென்காற்று வீசும் நாளில் ஏறினால் ஆல்ப்ஸ் மலைத்தொடர் நகரத்தின் ஓரத்திலேயே நிற்பது போலத் தெரியும். அதே காற்றால் தலைவலி வருகிறது என்று ஊர்க்காரர்கள் புலம்பிக்கொண்டும் இருப்பார்கள். படி ஏற முடியாவிட்டால் ஒலிம்பிக் பூங்காவில் இருக்கும் குன்று. இரண்டாம் உலகப் போரில் இடிந்த கட்டடங்களின் கற்குவியல்தான் அது. இப்போது புல் மூடியிருக்கிறது. பக்கத்தில் 1972 ஒலிம்பிக்குக்குக் கட்டிய அரங்கம். அங்கே கச்சேரி நடந்தால் குன்றில் உட்கார்ந்து கேட்கலாம். 2024 ஜூலையில் டெய்லர் ஸ்விஃப்ட் பாடிய இரண்டு இரவும் பல்லாயிரம் பேர் அப்படித்தான் டிக்கெட் இல்லாமல் கேட்டார்கள்.

கோடையில் எல்லாரும் ஈஸார் ஆற்றங்கரைக்குப் போவார்கள். குறிப்பிட்ட இடங்களில் மட்டும் அடுப்பு மூட்டலாம். ஆங்கிலத் தோட்டம் என்ற பூங்காவின் ஒரு புல்வெளியில் சிலர் உடையே இல்லாமல் வெயில் காய்வார்கள். அது சட்டப்படி சரிதான். நீங்கள் பாட்டுக்கு நடந்து போங்கள், கேமராவை மட்டும் எடுக்காதீர்கள்.

தாஹாவ் வதைமுகாம் நினைவிடத்துக்கு ஒருமுறை கட்டாயம் போய் வாருங்கள். 1933 மார்ச்சில் நாஜிகள் திறந்தது. எஸ்2 வண்டியும் பிறகு ஒரு பஸ்ஸும், நுழைவு இலவசம். இதை வேறு எந்தப் பயணத்தோடும் சேர்க்காதீர்கள். அன்று மாலைக்கு வேறு திட்டமும் வைக்காதீர்கள்.

பியர்கார்டனில் உங்கள் சாப்பாடு

புதியவர்கள் பலருக்குத் தெரியாதது: பவேரியாவின் பழைய மாதிரி பியர்கார்டனில், அதாவது திறந்தவெளி பியர் தோட்டத்தில், உங்கள் சாப்பாட்டை நீங்களே கட்டிக்கொண்டு போகலாம். பானம் மட்டும் அங்கே வாங்க வேண்டும். 1812இல் அரசர் முதலாம் மாக்ஸிமிலியன், மதுவடிப்பவர்கள் தங்கள் நிலவறைத் தோட்டத்தில் பியர் விற்கலாம், சமைத்த உணவு விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். உணவகக்காரர்களின் வயிற்றில் அடிக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு. மக்கள் வீட்டிலிருந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொண்டுவரத் தொடங்கினார்கள், இன்று வரை அது நிற்கவில்லை.

விரிப்பு இல்லாத மேசையாகப் பார்த்து உட்காருங்கள். விரிப்பு போட்டிருந்தால் பணியாளர் பரிமாறும் பகுதி, அங்கே டப்பாவைத் திறக்கக் கூடாது. நீள பெஞ்சில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தால், இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காரலாம். இந்த நாட்டில் முன்பின் தெரியாதவர் உங்களோடு பேச்சுக் கொடுக்கும் அபூர்வமான இடங்களில் அது ஒன்று. ஹிர்ஷ்கார்டன்தான் ஊரிலேயே பெரியது, எட்டாயிரம் பேர் உட்காரலாம். குவளைக்கு முன்பணம் உண்டு. திருப்பிக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மலையும் ஏரியும்

ஊருக்குள் பழகியவர்கள் நண்பர்களாவது பெரும்பாலும் இங்கேதான். போக ஒரு மணி, வர ஒரு மணி என்று ரயிலில் பேச்சைத் தவிர வேறு வேலை இருக்காது.

ஒழுங்கு செய்வது எப்படி? "யாராவது வார இறுதியில் எங்கேயாவது போகலாமா" என்று குழுவில் போட்டால் பத்துக் கட்டைவிரல் வரும், ஆள் வராது. நீங்களே முடிவு செய்துவிட்டு அறிவியுங்கள்: சனி, இத்தனை மணி வண்டி, இன்ன நடைமேடை, இன்ன ஏரி, திரும்ப ஆறு மணி, செலவு பத்து யூரோ. "நான் போகிறேன், வருபவர்கள் வரலாம்." இரண்டு பேர் வந்தாலும் போங்கள். நான்கைந்து பேர் சரியான அளவு. எட்டைத் தாண்டினால் பாதி நேரம் யாரையாவது தேடுவதில் போய்விடும்.

முதல் பயணத்துக்கு ஆண்டெக்ஸ் நல்லது. எஸ்8இல் கடைசி நிலையமான ஹெர்ஷிங் வரை போய், காட்டுப் பள்ளத்தாக்கு வழியாக ஒரு மணி நேரம் நடந்தால் குன்றின் மேல் மடாலயம். துறவிகளே நடத்தும் மதுவடிசாலை, கீழே ஆம்மர்ஸே ஏரி. சாதாரண ஷூ போதும்.

அடுத்து டேகர்ன்ஸே. ரயிலில் ஒரு மணி நேரம். நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் ஏறினால் சுமார் 1,260 மீட்டர் உயரத்தில் நாய்ரொய்த் என்ற மலைவிடுதி. சூப்பும் கேக்கும் கிடைக்கும். இந்தத் தடத்தில் ஒரு சிக்கல் உண்டு. வண்டி நடுவழியில் பிரியும். முன்பெட்டிகள் ஓர் ஊருக்கும் பின்பெட்டிகள் வேறு ஊருக்கும் போகும். நாங்கள் ஐந்து பேர். கூட்டத்தில் இடம் கிடைக்காமல் மூன்று பேர் ஒரு பகுதியிலும், நானும் ஒரு கொலம்பியாக்காரனும் இன்னொரு பகுதியிலும் ஏறினோம். ஷாஃப்ட்லாஹ் நிலையத்தில் வண்டி நின்றபோது ஒலிபெருக்கியில் நீளமாக ஏதோ சொன்னார்கள். எனக்குப் புரிந்தது "தயவுசெய்து" மட்டும்தான். வண்டி நகர்ந்தது. ஜன்னல் வழியே பார்த்தால் எங்கள் ரயிலின் மறுபாதி வேறு தண்டவாளத்தில் தனியாகப் போகிறது. அதில் நண்பர்கள் மூவரும், முதல் நாள் இரவு நான் செய்த இரண்டு கிலோ உருளைக்கிழங்கு சாலடும். பாட் டோல்ஸில் இறங்கி, திரும்பி, மாற்றி ஏறிப் போய்ச் சேர்வதற்குள் ஒரு மணி நேரம் போய்விட்டது. சாலடில் கால் கிலோ மிச்சம் வைத்திருந்தார்கள். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில்தான் கொலம்பியாக்காரன் தன் வீட்டுக் கதை முழுவதையும் சொன்னான். இன்றும் எனக்கு ஃபோன் செய்யும் ஆள் அவன்தான். சரி, நீங்கள் செய்ய வேண்டியது: ஏறுவதற்கு முன் பெட்டியின் வெளிப்புறத் திரையில் ஊர்ப் பெயரைப் படியுங்கள். நடைமேடைப் பலகையில் இருப்பது இரண்டு பாதிக்கும் சேர்த்துத்தான்.

மலை ஏறுவதில் விளையாட்டு வேண்டாம். பாதைப் பலகைகளில் நீலம் என்றால் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். முதல் வருடம் நீலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஊரில் வெயில் அடிக்கும் மே மாதத்திலும் வடக்குச் சரிவில் பனி கிடக்கும். நல்ல பிடிப்புள்ள ஷூ, ஒரு மழைக்கோட்டு, தண்ணீர், சில்லறைப் பணம் இருக்கட்டும். எல்லா விடுதியிலும் அட்டை எடுக்க மாட்டார்கள். ஆபத்து என்றால் 112. ஏறும்போதே கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கோனிக்ஸ்ஸே ஏரிக்கு ஒரு நாள் முழுக்க வேண்டும். பெர்ஷ்டெஸ்காடன் வரை ரயில், பிறகு பஸ். 1909 முதல் அங்கே மின்சாரப் படகுகள்தான். படகோட்டி நடுவில் நிறுத்தி ஊதுகொம்பை எடுத்து வாசிப்பார், பாறை திருப்பி வாசிக்கும். புனித பார்த்தலோமேயு தேவாலயம் இருக்கும் கரைக்குச் சாலை கிடையாது. கடைசிப் படகைத் தவற விட்டால் நடந்து திரும்பவும் வழியில்லை. கோடையில் காலை முதல் படகுக்குப் போய்விடுங்கள்.

நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை எல்லாருடைய பட்டியலிலும் இருக்கும். இரண்டாம் லுட்விக் மன்னர் 1869இல் கட்டத் தொடங்கி, முடிவதற்குள் 1886இல் இறந்துபோனார். 2025இல் அவருடைய மற்ற மாளிகைகளோடு யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. உள்ளே அரை மணி நேரம் கூட்டமாக நடத்திக் கூட்டிப் போவார்கள், படம் எடுக்கக் கூடாது. என்னைக் கேட்டால் மரியன்ப்ரூக்கெ பாலத்திலிருந்து பார்ப்பதே நல்ல காட்சி, அதற்குக் காசும் இல்லை. உள்ளே போயே தீருவேன் என்றால் டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுங்கள்.

எல்லை தாண்டும்போது

டாய்ச்லாண்ட் டிக்கெட்டில் வட்டார ரயில் ஏறி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நிலையம் வரையே போய்விடலாம். ஆனால் திரும்பும்போது ஜெர்மன் எல்லையில் போலீஸ் ஏறும். பாஸ்போர்ட்டும் வதிவிட அட்டையும் அசலாகக் கையில் இருக்க வேண்டும், ஃபோனில் இருக்கும் படம் செல்லாது. ஜெர்மன் வதிவிட அனுமதி இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை சுற்றலாம். சுவிட்சர்லாந்தும் ஷெங்கனில் சேர்த்திதான். பிரிட்டனும் அயர்லாந்தும் இல்லை, அவற்றுக்குத் தனி விசா. அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டுத் தற்காலிகச் சான்றோடு இருப்பவர்கள், அதை வைத்துக்கொண்டு நாடு திரும்ப முடியுமா என்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்காமல் எல்லை தாண்டாதீர்கள்.

சுவிட்சர்லாந்தில் இறங்கியதும் ஃபோனில் இணையத்தை அணைத்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோமிங் விதி அங்கே பொருந்தாது. என்னோடு வந்த ஒருவன் சூரிச்சில் ஒரு மதியம் வரைபடம் பார்த்ததற்கு ஒரு மாதச் சாப்பாட்டுக் காசைக் கொடுத்தான். பாரிஸ் போனால் வதிவிட அட்டையை லூவ்ரில் காட்டுங்கள். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் வசிக்கும், 26 வயது நிறையாதவர்களுக்கு அங்கே நுழைவு இலவசம்.

தூரப் பயணத்துக்கு ஐசிஇ டிக்கெட்டைச் சில வாரம் முன்பே எடுத்தால் விலை பாதிக்கும் கீழே வரும். வண்டி ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதம், இரண்டு மணி என்றால் 50 சதவீதம் கேட்டு வாங்கலாம். வாய்ப்புகள் அடிக்கடி கிடைக்கும்.

டிசம்பர்

இதைப் பற்றி யாரும் முன்னால் சொல்வதில்லை. டிசம்பரில் மாலை நாலரைக்கெல்லாம் சூரியன் போய்விடும். கிறிஸ்துமஸ் சந்தைகள் இருக்கும்வரை தெரியாது. குழந்தைகளுக்கான மதுவில்லாத சூடான பழப்பானத்தை வாங்கிக்கொண்டு, கையைக் குவளையில் சூடாக்கியபடி நிற்கலாம். 24ஆம் தேதி மதியம் கடைகளும் சந்தைகளும் அடைக்கப்படும். 25, 26 விடுமுறை. விடுதி காலியாகும். வராந்தாவில் உங்கள் காலடிச் சத்தம் மட்டும் கேட்கும்.

அதனால் டிசம்பர் முதல் வாரமே, விடுமுறைக்கு யார் யார் இங்கே இருக்கப் போகிறார்கள் என்று ஒரு தாளில் பெயர் எழுதச் சொல்லிச் சமையலறையில் ஒட்டுங்கள். எங்கள் கட்டடத்தில் பதினொரு பெயர் சேர்ந்தது. யாராவது ஊர்க்காரர் தன் வீட்டுக்குக் கூப்பிட்டால் மறுக்காதீர்கள். வாய்வார்த்தைக்குக் கூப்பிடும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. சின்னப் பரிசு ஒன்று போதும், வாசலில் செருப்பைக் கழற்றிவிடுங்கள். மனசு ரொம்பக் கனத்தால் மாணவர் சேவை அமைப்பின் உளவியல் ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. நான் ஜனவரியில் இரண்டு முறை போனேன். கூட்டமாகத்தான் இருந்தது.

வீட்டிலிருந்து ஆட்கள் வரும்போது

கோடையில் அப்பாவும் அம்மாவும் வந்தால் அவர்களுக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் சந்தா எடுக்க வேண்டியதில்லை. ஒரு நாளுக்கான பவேரியா டிக்கெட் போதும். ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் போகலாம், சால்ஸ்பர்க் வரைக்கும் செல்லும். அவர்களை மலையில் ஏற்றாதீர்கள், டேகர்ன்ஸேயில் படகில் ஏற்றுங்கள். விடுதி நண்பர்களைக் கட்டாயம் காட்டுங்கள். நீங்கள் ஃபோனில் சொன்ன பெயர்களுக்கெல்லாம் முகம் கிடைத்தால் அவர்களுக்குப் பாதிக் கவலை போய்விடும். வார நாட்களில் அந்த டிக்கெட் காலை 9 மணிக்கு முன் செல்லாது என்பதை முதல் நாள் இரவே சொல்லிவிடுங்கள். சொன்னாலும் அப்பா ஐந்து மணிக்குக் குளித்துவிட்டு, ஷூ மாட்டிக்கொண்டு, கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.